மாதிரி விமானங்களுக்கான பழைய மரப் புரொப்பெல்லர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிடுபவர்களின் கையில் பழைய மரப் புரொப்பெல்லர் ஒன்று கிடைத்ததும் எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. எழுத எளிதாக இருக்கும் என்பதால் புரொப்பெல்லரைப் பல இடங்களில் விசிறி என்றே குறிப்பிடுகிறேன். அதன் இரு கைகளை இதழ்கள் என்றும், நடுவிலுள்ள தடித்த பகுதியை, வண்டிச் சக்கரத்துக்குச் சொல்வதைப் போலவே, குடம் என்றும் அழைக்கிறேன்.

எந்தக் காலத்து விசிறிகளைப் பழையவை என்று கொள்வது?

நான் கொள்ளும் வரம்பு, அமெரிக்காவில் சிறு பெட்ரோல் எஞ்சின்கள் விற்பனைக்கு வந்த 1930களின் நடுப்பகுதி முதல் 1980கள் வரை நீளும். பில் பிரவுன் உருவாக்கிய 10 சி.சி. கொள்ளளவுள்ள பிரவுன் ஜூனியர் எஞ்சின் 1934 வாக்கில் கடைக்கு வந்தபோது, அதற்கேற்ற விசிறியைப் பலர் தாமே செதுக்கிக்கொண்டனர். தொழிற்சாலையில் அச்சுப்படி கடையப்பட்ட விசிறிகள் பெருகியது அதற்குப் பின்னர்தான். 1950களில் நைலான் விசிறிகளும், பிற்காலத்தில் கண்ணாடி இழை கலந்த நைலானும் வந்து சேர்ந்தன. 1990களில் ஏபிசி (APC) போன்ற கலப்புப்பொருள் விசிறிகள் பரவிய பிறகு, அன்றாடப் பயன்பாட்டில் மரம் பின்னுக்குப் போயிற்று. இன்றும் புதிய மர விசிறிகள் கிடைக்கின்றன, அவற்றுள் நல்லவையும் உண்டு; ஆனால் அவை இந்தப் பக்கத்தின் பொருள் அல்ல.

எந்தத் தயாரிப்புகளைத் தேடலாம்?

அமெரிக்கத் தயாரிப்புகளில் சிகாகோவின் டாப் ஃபிளைட், கான்சாஸ் மாநிலத்து ரெவ்-அப், கலிஃபோர்னியாவின் ஸிங்கர், இண்டியானாவில் கிரிஷ் சகோதரர்கள் செய்த டொர்னாடோ ஆகிய பெயர்களை அதிகம் காண்பீர்கள். பிரித்தானியத் தயாரிப்புகளில் ஸ்டான்ட் முத்திரையுள்ள விசிறிகள் அந்நாட்டு டீசல் எஞ்சின்களோடு சேர்ந்தே கிடைப்பதுண்டு. முதல் முறையாக வாங்குபவருக்கு நான் சொல்வது ரெவ்-அப் அல்லது டாப் ஃபிளைட்: பெருமளவில் செய்யப்பட்டதால் இன்னும் கிடைக்கின்றன, ஒன்று உடைந்தாலும் உலகம் எதையும் இழந்துவிடாது.

குடத்தின் மேல் 10-6 என்று அச்சிட்டிருக்கிறது. இதன் பொருள் என்ன?

முதல் எண் விட்டம், இரண்டாவது எண் பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் என்பது, விசிறி மரத்துக்குள் இறங்கும் திருகாணியைப் போல வழுக்காமல் முன்னேறினால் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கு. நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஓடும் 6 அங்குலப் பிட்ச் விசிறியின் கணக்குப்படியான வேகம் மணிக்கு ஏறத்தாழ 82 கிலோமீட்டர். விமானம் உண்மையில் போகும் வேகம் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஜெர்மன் விசிறிகள் சிலவற்றில் எண்கள் சென்டிமீட்டரில் இருக்கும். 25-15 என்று கண்டால் அது ஏறக்குறைய 10-6 தான்.

அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு 10-6 விசிறிகள் வெவ்வேறு பிட்ச் காட்டுவதும், ஒரே விசிறியின் இரண்டு இதழ்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதும் மர விசிறிகளில் புதிதல்ல. அளந்து பார்ப்பது கடினமில்லை: நடுவிலிருந்து நுனி வரையுள்ள நீளத்தில் முக்கால் பங்கு தொலைவில் இதழின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணத்தை எடுங்கள். 10-6 விசிறியில் அந்த இடம் நடுவிலிருந்து 3.75 அங்குலத்தில் வரும். அங்கே ஒரு சுற்றின் நீளம் 23.56 அங்குலம், கோணம் 14.3 பாகை இருந்தால் பிட்ச் சரியாக 6. இரண்டு இதழ்களுக்கும் இடையே ஒரு பாகை வேறுபாடு இருந்தால்கூடப் பிட்ச் கிட்டத்தட்ட அரை அங்குலம் மாறிவிடும்.

எழுத்தும் எண்ணும் உள்ள பக்கம், அதாவது புடைத்த வளைவுள்ள பக்கம், விமானம் பறக்கும் திசையை நோக்கி இருக்க வேண்டும். விசிறி திருப்பி மாட்டப்பட்டிருந்தாலும் எஞ்சின் ஓடும், விமானம் கொஞ்சம் இழுக்கவும் செய்யும். அதனால்தான் இந்தப் பிழை பலருக்கு நெடுநேரம் புலப்படுவதில்லை.

எந்த மரத்தில் செய்தார்கள்? நைலான் வந்த பிறகும் ஏன் மரத்தை விடவில்லை?

அமெரிக்காவில் மேப்பிள், ஐரோப்பாவில் பீச் ஆகிய மரங்களே மிகுதி. இரண்டும் ரேகை நெருக்கமான கெட்டி மரங்கள். மெல்லிய விளிம்பு வரை கடைந்தாலும் பிசிறு தட்டாது. ரப்பர் நாடாவை முறுக்கிப் பறக்கவிடும் மாதிரிகளுக்குப் பால்சா போதும், அது வேறு கதை.

மரத்தின் மேன்மை அதன் எடையில் இருக்கிறது. மேப்பிளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிராம், கண்ணாடி இழை நைலானின் அடர்த்தி 1.3க்கும் மேல். சுழலும் பொருள் இலேசாக இருந்தால், விமானம் மூக்கைச் சட்டென்று நிமிர்த்தும்போதும் தாழ்த்தும்போதும் பக்கவாட்டில் இழுக்கும் பம்பர விசை குறைகிறது. கம்பி பிடித்து வட்டத்தில் பறக்கவிடும் வித்தை விமானிகள் மரத்தை விடாப்பிடியாகப் பற்றியிருந்ததற்கு இது முதற்காரணம். இன்னொன்று, மரம் விறைப்பானது. முழு வேகத்தில் நைலான் இதழ் முறுக்கிக்கொண்டு பிட்ச்சை மாற்றிக்கொள்வதைப் போல மரம் செய்வதில்லை. மூன்றாவது காரணம் பணத்தைச் சார்ந்தது: விமானம் மூக்குக் குப்புற விழுந்தால் மர விசிறி சட்டென்று முறிந்துவிடும், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் பெரும்பாலும் தப்பிக்கும்.

நாற்பது, ஐம்பது ஆண்டு பழைய விசிறியை எஞ்சினில் மாட்டி ஓட்டலாமா?

சிலவற்றை ஓட்டலாம், பலவற்றை ஓட்டக்கூடாது. எது எந்த வகை என்று பிரித்தறிவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரும்பகுதி.

முதலில் இதில் அடங்கியுள்ள விசையைப் புரிந்துகொள்ள வேண்டும். 10 அங்குல விசிறியின் ஓர் இதழ் 7 கிராம் எடையுள்ளது என்றும், அதன் எடை மையம் நடுவிலிருந்து 5.5 செ.மீ. தொலைவில் உள்ளது என்றும் கொள்வோம். நிமிடத்துக்கு 12,000 சுற்றில் அந்த இதழ் குடத்தை வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 600 நியூட்டன். ஒரு வளர்ந்த மனிதர் அந்த இதழைப் பிடித்துத் தொங்குவதற்கு ஒப்பானது. நுனியின் வேகம் வினாடிக்கு 160 மீட்டர். இந்த இழுவையைத் தாங்குவது இதழின் நீளவாக்கில் ஓடும் மர ரேகைகள் மட்டுமே.

ஆகவே நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். ரேகைகள் குடத்திலிருந்து நுனி வரை முடிந்தவரை நேராக ஓட வேண்டும். இதழின் நடுவில் ரேகை சாய்ந்து விளிம்பை வெட்டிக்கொண்டு வெளியேறினால், அந்த விசிறி புதிதாக இருந்தபோதே பலவீனமானதுதான். அடுத்து, குடத்தின் துளையைச் சுற்றிப் பாருங்கள். துளையிலிருந்து இதழை நோக்கி ஓடும் மயிரிழைக் கோடு வெடிப்பாக இருக்கலாம். இதழ்களை இரு கைகளாலும் பிடித்து மிக மெதுவாக எதிரெதிராக முறுக்கினால் கோடு விரிவது தெரியும், சில நேரம் நெறிபடும் ஓசையும் கேட்கும். வாஷர் அழுந்திய வட்டத் தடம் மேலோட்டமாக இருந்தால் கவலையில்லை. ஆழமாகப் பதிந்து மரநார்கள் நசுங்கியிருந்தால் அதை ஓட்டக் கூடாது. குண்டூசித் துளைகளும் அவற்றிலிருந்து உதிரும் மாவு போன்ற தூளும் வண்டு குடைந்ததற்கு அடையாளம். அப்படிப்பட்ட விசிறியை மற்றவற்றோடு சேர்த்து வைக்கவே வேண்டாம்.

பளபளக்கும் விசிறியிடம் கூடுதல் ஐயம் கொள்வது நல்லது. நான் ஆசையோடு வாங்கிய ஒன்றில், குடத்தை ஒட்டிய வெடிப்பின் மேல் யாரோ தடிமனாக வார்னிஷ் பூசி மறைத்திருந்தார்கள். உப்புத்தாள் பட்டதும் கோடு வெளியே வந்தது. அன்று முதல், மங்கிக் கறை படிந்த பழைய பூச்சை மேலான சான்றாகவே கருதுகிறேன்.

இறுதியாக, விசிறியை எஞ்சினில் மாட்டி, ஒரு நிலையான குச்சியை நுனிக்கு அருகே வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு நுனிகளும் ஒரே தளத்தில் கடந்துபோக வேண்டும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் மரம் கோணியிருக்கலாம், அல்லது துளை சாய்ந்திருக்கலாம்.

வெடித்த விசிறியை எபாக்ஸி கொண்டு ஒட்டிப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஒட்டிச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அப்போதும் குடத்தின் பின்புறத்தில் ‘ஓட்டக் கூடாது’ என்று பென்சிலால் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

சமன் செய்வது எப்படி?

நுனியில் பத்தில் ஒரு கிராம் கூடுதலாக இருந்தால், 12,000 சுற்றில் அது ஏறத்தாழ 20 நியூட்டன் விசையாகி, வினாடிக்கு 200 முறை எஞ்சினை ஆட்டும். திருகுகள் கழல்வதும், டேங்கில் எரிபொருள் நுரைப்பதும், பெரும்பாலும் இதன் விளைவுகள்.

காந்தத்தில் மிதக்கும் அச்சுள்ள சமன்கருவி இருந்தால் சிறப்பு. இல்லையென்றால், மெருகேற்றிய எஃகுத் தண்டை இரண்டு கூரான விளிம்புகளின் மேல் கிடத்தியும் செய்யலாம். எடை கூடிய இதழை உப்புத்தாளால் தேய்த்துக் குறைப்பதே பொதுவான வழக்கம். அப்படித் தேய்ப்பதானால் நுனியை ஒட்டிய பரப்பில் சீராகத் தேய்க்க வேண்டும், முன்விளிம்பின் வடிவத்தைத் தொடக் கூடாது. ஆனால் பழைய விசிறியில் நான் தேய்ப்பதில்லை. எடை குறைந்த இதழுக்கு ஒரு பூச்சு, பிறகு இன்னொரு பூச்சு என்று வார்னிஷ் கூட்டிக்கொண்டே போகிறேன். கூட்டிய வார்னிஷைப் பின்னாளில் எடுத்துவிடலாம், தேய்த்த மரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பூச்சு முற்றாக உலர்ந்த பின்னரே மீண்டும் சோதிக்க வேண்டும், ஏனெனில் ஆவியாகிப் போகும் கரைப்பானின் எடையும் கணக்கைக் குழப்பும்.

விசிறியைக் கிடையாக வைத்தால் நின்று, செங்குத்தாக வைத்தால் நிற்காமல் சாய்ந்தால், குறை குடத்தின் ஒரு பக்கத்தில் இருக்கிறது. குடத்தின் இலேசான பக்கத்தில் சிறிது எபாக்ஸி தடவினால் போதும்.

துளை என் எஞ்சினுக்குப் பொருந்தவில்லை. பெரிதாக்கலாமா?

அமெரிக்க விசிறிகளில் கால் அங்குலத் துளையே மிகுதி. பெரிய எஞ்சின்களுக்கு 5/16 அங்குலம் தேவைப்படும். பெரிதாக்குவதென்றால் படிப்படியாக அகலும் ரீமர் என்ற துளை பெரிதாக்கும் கருவியைக் கையால் இரு பக்கமிருந்தும் மாறிமாறித் திருப்புங்கள். டிரில்லைக் கையில் பிடித்து நேராகத் துளைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மரத்தின் மென்மையான ரேகை பக்கம் முனை ஒதுங்கிவிடும், நடு தப்பிய விசிறியை எந்தச் சமன்கருவியாலும் காப்பாற்ற முடியாது. மாறாக, 6 மி.மீ. தண்டில் கால் அங்குலத் துளை தொளதொளப்பாக இருந்தால், துளைக்குள் பொருந்தும் மெல்லிய அலுமினிய வளையம் (புஷ்) கடைந்து இடுங்கள். யாரும் ஓட்டாத, அரிய விசிறியின் துளையைத் தொடவே வேண்டாம்; தொட்ட கணத்தில் அது சேகரிப்புப் பொருளாக இருக்கும் தகுதியை இழக்கிறது.

எந்த எஞ்சினுக்கு எந்த விசிறி?

இதற்கு அட்டவணை போடுவதைவிட, எஞ்சினின் இயல்பைச் சொல்வது பயன்படும்.

பிரவுன் ஜூனியர் போன்ற தீப்பொறி எஞ்சின்கள் குறைந்த வேகத்தில் ஓடுபவை. அவற்றுக்கு விசிறிதான் சுழல்சக்கரமும்கூட. 13 அல்லது 14 அங்குல விட்டமுள்ள, சற்றுக் கனமான விசிறி தேவை. சிறிய, இலேசான விசிறியை மாட்டினால் எஞ்சின் உதைக்கும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. அமெரிக்காவின் பழமை மாதிரியாளர் அமைப்பான ‘சாம்’ 1938 முடிய வடிவமைத்தவற்றை ஒரு வகையாகவும், 1942 முடிய வடிவமைத்தவற்றை இன்னொரு வகையாகவும் பிரித்துப் போட்டி நடத்துகிறது. இந்த எஞ்சின்களை இன்றும் ஓட்டுபவர்களைப் பெரும்பாலும் அங்கேதான் காணலாம்.

ரே ஆர்டன் 1947இல் குளோ பிளக்கை, அதாவது தீப்பொறிக்குப் பதிலாகச் சூடேறிய கம்பிச்சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்கை, சந்தைக்குக் கொண்டுவந்ததும், பேட்டரியும் காயிலும் சுமக்க வேண்டிய தேவை ஒழிந்தது, எஞ்சின்களின் வேகம் ஏறியது, விசிறிகள் குறுகின. இந்தக் காலத்தின் சிறந்த இணை, என் கருத்தில், ஃபாக்ஸ் 35 எஞ்சினும் 10-6 மர விசிறியும்தான். கம்பி விமானம் நேராகப் பறக்கும்போது எஞ்சின் எரிபொருள் மிகுந்த கொழுத்த கலவையில் விட்டுவிட்டு வெடித்துக்கொண்டு மந்தமாக ஓடும். மூக்கு நிமிர்ந்து சுமை ஏறியதும் கலவை மெலிந்து ஒவ்வொரு சுற்றிலும் வெடித்து வலுவெடுக்கும். வளையம் முடிந்ததும் பழைய மந்த ஓட்டத்துக்குத் திரும்பும். இந்த மாற்றம் சரியான கணத்தில் நிகழ்வது விசிறியின் சுமையைப் பொறுத்தது, அதனால்தான் பழைய வித்தை விமானிகள் விட்டத்தைக் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டியும், இதழைச் சுரண்டி மெலிதாக்கியும் பார்த்தார்கள். ஜார்ஜ் ஆல்ட்ரிச் வடிவமைத்த நோப்ளர் என்ற வித்தை விமானம் இந்த எஞ்சினோடு சேர்ந்தே புகழ் பெற்றது. அரிசோனாவின் டூசானில் நடக்கும் பழைய வித்தை விமானப் போட்டிகள் இத்தகைய விமானங்களுக்கானவையே.

பிரித்தானிய டீசல் எஞ்சின்கள் அளவில் சிறியவை, ஆனால் இழுவிசை மிக்கவை. குளோ எஞ்சினுக்குப் போடுவதைவிட ஓர் அளவு பெரிய விசிறியைத் தாராளமாகச் சுழற்றும். மின்மோட்டாரில் பழைய விசிறியை மாட்டுவதற்குத் தடையில்லை, ஆனால் தடித்த குடமும் தடித்த இதழும் கூடுதல் மின்சாரம் கேட்கும். முதல் ஓட்டத்தில் ஆம்பியர் அளவியோடு பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பூச்சு பிசுபிசுக்கிறது. மாற்றலாமா?

குளோ எரிபொருளில் மெத்தனால் இருக்கிறது. அரக்கைக் கரைத்துப் பூசும் பாலிஷும் செல்லுலோஸ் லாக்கரும் மெத்தனால் பட்டால் இளகிவிடும். ஓட்டுவதற்கென ஒதுக்கிய விசிறியில் பழைய பூச்சை நீக்கி, இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் அல்லது மெல்லிய எபாக்ஸி பூசுங்கள். குடத்தின் துளைக்குள்ளும் பூச மறவாதீர்கள், எண்ணெய் ஊறுவது அங்கேதான். பழுப்பேறிய ஒட்டும் படலம் என்றால் அது பெரும்பாலும் பூச்சே அல்ல, எரிந்து உறைந்த விளக்கெண்ணெய். அந்தக் காலத்து எரிபொருள்களில், குளோ ஆனாலும் டீசல் ஆனாலும், மசகு எண்ணெய் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெய்தான். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும்.

கையால் ஸ்டார்ட் செய்யும்போது கவனிக்க வேண்டியவை எவை?

மர விசிறியின் பின்விளிம்பு கத்தியைப் போல வெட்டும். வெறும் விரலால் தட்டாமல், ரப்பர் உறையிட்ட குச்சியையோ மின் ஸ்டார்ட்டரையோ பயன்படுத்துங்கள். டீசல் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது இதன் அருமை தெரியும். எஞ்சின் பிடித்ததும் விசிறி சுழலும் தளத்திலிருந்து விலகி, எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைப் பின்பக்கமிருந்து திருப்புங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் பக்கவாட்டில் நிற்க விடாதீர்கள், இதழ் பிய்ந்தால் பறப்பது அந்தத் திசையில்தான். மரம் பருவத்துக்குப் பருவம் குறுக்குவாக்கில் சுருங்கி விரிவதால், சில வாரம் ஓட்டாமல் வைத்த விமானத்தின் நட்டு தளர்ந்திருக்கும். ஒவ்வொரு நாளும் பறக்கத் தொடங்கும் முன் இறுக்கிப் பாருங்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

சமதளத்தில் கிடத்தி வையுங்கள். ஒரு நுனியில் ஆணியடித்துத் தொங்கவிட வேண்டாம், சுவரில் சாய்த்தும் வைக்க வேண்டாம். மொட்டைமாடி அறையின் வெப்பமும், ஏசி காற்று நேராகப் படும் அலமாரியும் ஒரே அளவு கேடானவை. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் மூடிய பெட்டியும் சிலிக்கா ஜெல் பையும் உதவும்.

பெரிய மர விசிறிகளையும் மாதிரி விமான விசிறி என்று விற்கிறார்களே?

இரண்டு அடிக்கும் மேற்பட்ட சில விசிறிகள் இரண்டாம் உலகப்போர்க் கால ஆளில்லா இலக்கு விமானங்களுடையவை. ரெஜினால்ட் டென்னி தொடங்கிய ரேடியோபிளேன் நிறுவனம் அமெரிக்க ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சிக்காக அவற்றை ஆயிரக்கணக்கில் செய்தது; அதன் ஓக்யூ-2 வகையில் இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுழன்றன. போரின் இறுதிக் காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நார்மா ஜீன் என்ற இளம்பெண் கையில் விசிறியோடு ராணுவப் புகைப்படக்காரருக்கு நின்றார்; பின்னாளில் அவரை மர்லின் மன்றோ என்று உலகம் அறிந்தது. இந்தக் கதையால் விலை ஏறுகிறது, ஆனால் உங்கள் விமானத்துக்கு அந்த விசிறி பயன்படாது.

எதற்கு மதிப்பு அதிகம்?

பயன்படுத்தாத நிலை, அழியாத ஒட்டுப்படம், உறை ஆகியவற்றுக்குச் சந்தை விலை கொடுக்கிறது. எனக்கோ, குடத்தின் பின்பக்கத்தில் பழைய சொந்தக்காரர் பென்சிலால் எழுதிய குறிப்புகள் அதைவிடப் பெரிது: எஞ்சின் பெயர், எட்டிய சுற்று, எவ்வளவு வெட்டினார் என்பன. சுத்தம் செய்யும்போது முதலில் அழிவதும் அதுதான். துடைப்பதற்கு முன் புகைப்படம் எடுங்கள்.

ஒரே ஒரு நல்ல விசிறி இருக்கிறது. அதை ஓட்டவும் ஆசை, இழக்கவும் மனமில்லை. என்ன செய்வது?

நகல் செதுக்குங்கள். மூலத்தின் முன்தோற்றத்தையும் பக்கத்தோற்றத்தையும் அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அரை அங்குலத்துக்கு ஒன்றாக இதழின் கோணத்தையும் தடிமனையும் குறியுங்கள். நேர்ரேகை ஓடும் கெட்டி மரத்துண்டில் முதலில் துளையைச் செங்குத்தாகப் போட்டுவிட்டு, அதன் பிறகே வடிவத்தை வெட்டுங்கள். துளை கடைசியில் என்றால் நடு தவறும். தட்டையான பின்பக்கத்தை முதலில் முடித்து, கோணங்களைச் சரிபார்த்து, பிறகு முன்பக்க வளைவைச் செதுக்கிக்கொண்டு வாருங்கள். இரண்டு இதழ்களையும் மாறிமாறி வேலை செய்யுங்கள். ஒன்றை முழுவதும் முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால் இரண்டும் ஒன்றுபோல அமைவது அரிது. முதல் விசிறி பெரும்பாலும் தோற்கும், மூன்றாவது பறக்கும்.